ஒரு முறை போக, ஒரு முறை வர

நானூறு டாலருக்காக ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போகிறவளுக்கு மறை கழன்றிருக்க வேண்டும் என்று மெக்சிகோவின் அஹிஹிக்கில் என்னோடு காலையில் காபி குடிக்கிற அமெரிக்கக் கிழடுகள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பெட்ரோல், சுங்கச்சாவடி, ஓட்டல், திரும்பி வர பஸ் எல்லாம் சேர்த்தால் நானூறைத் தாண்டிவிடும் என்று அவர்களில் ஒருவனான ஹெரால்ட் வாய்க்கணக்குப் போட்டுக் காட்டினான். அவன் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அனுமதி காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. போலீஸ் நிறுத்தினால் ஸ்பானிஷ் தெரியாதவன் மாதிரி முழிப்பான். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒஹாயோவில், டொலீடோ நகரத்து வண்டிப் பதிவு அலுவலகத்தில், பாதி ஆயுளைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கழித்தவள். கையெழுத்து இல்லையா, திரும்பிப் போ. நகல் இல்லையா, திரும்பிப் போ. என் ஜன்னலில் அழுதவர்கள் உண்டு, என் அம்மாவை இழுத்துத் திட்டியவர்கள் உண்டு. யாருக்காகவும் நான் ஒரு வரியைத் தாண்டியதில்லை. மார்லீன் கிராபோவ்ஸ்கி என்றால் இப்படித்தான் என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் காரை மெக்சிகோவுக்குள் கொண்டுவரும்போது சுங்கத்தில் நானூறு டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். நான் தற்காலிகக் குடியிருப்பு அட்டையோடு வந்தவள். அட்டை இருக்கிறவரை காரும் இருக்கலாம். நான்கு வருடம் முடிந்தால் தற்காலிகம் முடிந்தது, நிரந்தர அட்டைக்கு மாற வேண்டும். நிரந்தரமாக இருக்க வந்தவள் வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு கார் வைத்திருக்கக் கூடாது. ஆகவே நிரந்தர அட்டை கைக்கு வருவதற்குள் கார் எல்லையைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். போனால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும், போகாவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். ஹெரால்ட் மாதிரி ஆட்கள் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். என் பணத்தை நான் எதற்காக விட வேண்டும்?

அட்டை மாற்றும் வேலையைப் பார்த்துக் கொடுக்கிற ஒஃபேலியா என் விண்ணப்பத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போவதற்கென்று தனியாக ஒரு கடிதமும் வாங்கித் தந்தாள். "இத மட்டும் தொலைச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்," என்றாள். தொலைக்கிற ஆளா நான்? பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். என் முழங்கால் அவ்வளவு தூரம் தாங்காது. சொந்தக்காரி உள்ளே உட்கார்ந்திருந்தால் வேறொருவர் ஓட்டலாம் என்று விதி இருக்கிறது. பக்கத்து வீட்டு நாசாரியோவிடம் போய் நின்றேன்.

நாசாரியோ வீட்டு வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். என் கார் இத்தனை வருடம் ஓடியதற்குப் பாதிக் காரணம் அவர்தான். என்னை மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கையிலிருந்த டயரைக் கீழே போட்டார்.

"அப்ப வண்டிய நாடு கடத்துறாங்கன்னு சொல்லுங்க, தோன்யா மார்லீன். எனக்குத் தெரிஞ்சு வடக்குப் பக்கமாத் துரத்திவிடற முதல் ஆளு இதுதான்!"

அவர் மனைவி செலோ உள்ளேயிருந்து கத்தினாள். "ஊர்ல இருக்கிற டயர்ல எல்லாம் காத்து இறங்கிடும், இந்த மனுஷன் வாயில மட்டும் இறங்காது. எந்த எல்லைக்குப் போறீங்க, பக்கத்து வீட்டம்மா?"

"நுவேவோ லரேதோ."

செலோ ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூலி எவ்வளவு என்று நான் ஆரம்பித்தேன். "காசப் பத்திப் பேசினா நான் வரல," என்றார் நாசாரியோ. பரவாயில்லையே, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று செலோ ஓர் அட்டைப்பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். என்னவென்று கேட்டதற்கு, "அவரே சொல்வாரு," என்று சொல்லிவிட்டு என் கன்னத்தில் வழக்கத்தைவிட அழுத்தமாக முத்தம் கொடுத்தாள்.

அன்று சாயந்தரம் பாதி வழியில் மதேவாலாவில் தங்கினோம். சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்குட்டி வறுவல் வாங்கி வைத்தேன். நாசாரியோ தொடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் லாரிக்காரர்களைக் கிண்டல் செய்துகொண்டு வந்த மனிதர்.

"ஒரு விஷயம், தோன்யா மார்லீன். கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க. காசு ஏதாவது வேணுமா?"

"ச்சே ச்சே, காசெல்லாம் இல்ல." அவர் முகம் சிவந்தது. எனக்கே என் வாயைக் கிள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "என் பொண்ணு யாதிரா இருக்கால்ல. அவ அந்தப் பக்கத்து லரேதோவுலதான் இருக்கா. பாலம் தாண்டினா கால் மணி நேரம்."

யாதிரா வடக்கே அமெரிக்காவில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். எங்கே என்று நான் கேட்டதே இல்லை. பத்தொன்பது வயதில் காகிதம் எதுவும் இல்லாமல் போனவள். அங்கே ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. அவள் புருஷனுக்கும் அதே கதை. நாசாரியோ இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தார், இரண்டு முறையும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"பேத்தி ரோமினா அங்கயே பொறந்தவ. எட்டு வயசு. போன்லதான் பாத்திருக்கேன். போன்ல என் மூக்கு மட்டும்தான் தெரியுதாம் அவளுக்கு. 'தாத்தா, மூக்க எடுங்க, மூஞ்சியக் காட்டுங்க'ம்பா." சிரிக்கப் பார்த்தார். "போன மாசம்தான் அவளுக்குப் பாஸ்போர்ட் வந்துச்சு. பாப்பா வரலாம், போகலாம். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர ஆளுதான் இல்ல. நம்பி யாருகிட்ட அனுப்புறது? நீங்க வண்டிய வித்துட்டு நடந்துதான வரப்போறீங்க. வரும்போது பாப்பாவையும் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஒரு மணி நேரம் பாத்துக்குவேன். அப்புறம் நீங்களே கொண்டுபோய் விட்டுட்டு வந்துரலாம். பாலம் நடந்தா பத்து நிமிஷம்தான். முழங்காலு வலிக்கும்னா மெதுவா..."

"இதுக்கா இவ்வளவு நேரம் முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?" என்றேன். "ஒரு மணி நேரம் எதுக்கு? சாயந்தரம் வரைக்கும் வச்சிக்கோங்க உங்க பேத்திய."

அவர் சட்டென்று எழுந்து வெளியே போனார். செலோவுக்குப் போன் செய்தார். கடைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கே செலோவின் கூச்சல் கேட்டது. திரும்பி வந்து தட்டிலிருந்த கறி முழுவதையும் ஓர் எலும்பு விடாமல் தின்றார். பெட்டியில் இருப்பது பேத்தி மாதா கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்கப்போகிற புது நன்மைக்காகச் செலோ தைத்த வெள்ளை கவுன் என்று அப்போதுதான் சொன்னார். அளவு தெரியாமல் உத்தேசமாகத் தைத்ததாம். அன்று நான் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். நல்ல காரியம் ஒன்று கைச்செலவில்லாமல் கிடைத்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் எல்லைச் சுங்கத்தில் எல்லாம் வெண்ணெயாக நடந்தது. ஒரு பெண் அதிகாரி கார் எண்ணைச் சரிபார்த்தாள். கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். நானூறு டாலரை எண்ணிக் கொடுத்தாள். என் காகிதங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்து, "எல்லாரும் இப்படி வந்தா எங்க வேல எவ்வளவு சுலபம்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த மேசையில் குடியேற்ற அதிகாரி என் வெளியேறும் கடிதத்தில் முத்திரை குத்தினார். குத்திவிட்டு, கடைசிப் பத்தியைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

"ஒரு தடவ போக, ஒரு தடவ வர. அவ்வளவுதான், ஞாபகம் வச்சிக்கோங்க. உள்ள வந்து முத்திரை வாங்கிட்டு மறுபடி வெளிய போனீங்கன்னா விண்ணப்பம் ரத்து. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

 அந்தப் பத்தியை நான் படித்திருந்தேன். ஒஃபேலியா கொடுத்த அன்றே இரண்டு தடவை படித்திருந்தேன். மதேவாலாவில் வறுவலை முன்னால் வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தபோது மறந்துவிட்டேன். பாப்பாவை அழைத்து வந்தால் அது ஒரு முறை வருவது. கொண்டுபோய் விட்டால் இரண்டாம் முறை வெளியே போவது. முதலிலிருந்து ஆரம்பிப்பது என்றால் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்த் தூதரகத்தில் நிற்க வேண்டும். அவர்கள் கேட்கிற மாத வருமானம் இந்த நான்கு வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. என் ஓய்வூதியம் அதற்கு எட்டாது. டொலீடோ வீட்டை விற்றாகிவிட்டது. எனக்கென்று இருப்பது அஹிஹிக்கில் இருக்கிற அந்த இரண்டு அறைதான்.

வெளியே வந்தேன். நாசாரியோ சுங்கத்துக் கழிப்பறைக் குழாயிலேயே குளித்த மாதிரி கழுவிக்கொண்டு, மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஈரத் தலையைப் படிய வாரியிருந்தார். நகத்து இடுக்கில் இருக்கும் கறுப்பைக்கூடக் குச்சியால் எடுத்திருந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாசாரியோ, இப்படி ஒரு விதி இருக்கிறது, நான் மறந்துவிட்டேன், என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். என் வாயில் மாப்பிள்ளைதான் வந்தது. பாலத்தடியில் இருக்கிற சதுக்கத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் பையோடு இறங்கி நடந்தார். நடையில் ஒரு துள்ளல். அனுமதி ரத்தான காரைத் திருப்ப முடியாது, நேராகப் பாலத்தில் ஏற்றினேன். ஆறு கீழே போவதைக்கூட நான் பார்க்கவில்லை.

காரை வாங்கிக்கொள்வதாகப் போனில் பேசி வைத்திருந்த பழைய கார் கடையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கடை வாசலுக்கே யாதிரா வந்திருந்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நாசாரியோவின் நெற்றி. பெட்டியை வாங்கியவள் ஓரமாக நின்ற தன் வண்டிக்குள் மகளை உட்காரவைத்து அங்கேயே கவுனை மாட்டிவிட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்க வேண்டியது முழங்காலோடு நின்றது. ரோமினா இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதான் தாத்தா வீட்டுப் பக்கத்துல இருக்கிற கிரிங்காவா?"

"ஏய், மரியாதை!" என்றாள் யாதிரா. கிரிங்கா என்றால் அமெரிக்காக்காரி, கொஞ்சம் இளக்காரமாக.

"அவரே அப்படித்தாம்மா சொல்வாரு." என் கையைக் கேட்காமலே பிடித்துக்கொண்டாள். சின்னக் கை, வியர்த்திருந்தது. "போலாமா?"

யாதிரா ஒரு பையை நீட்டினாள். உள்ளே பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, குழந்தையை என்னோடு அனுப்பச் சம்மதம் என்று பெற்றோர் இருவரும் நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட கடிதம், அதன் இரண்டு நகல்கள். ஒன்றும் குறையில்லை. என் ஜன்னலுக்கு வந்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்தியிருப்பேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு இதற்காக அலைந்திருக்கிறாள்.

நான் சொன்னேன். குழந்தையின் கையைப் பிடித்தபடியே சொன்னேன். ஒரு முறை போக, ஒரு முறை வர. ரத்தாகிவிடும். திரும்ப முடியாது. ஓய்வூதியம். வீடு. கடிதத்தை இரண்டு உறையிலிருந்தும் எடுத்துக் காட்டப் போனேன். என் குரல் டொலீடோ ஜன்னலில் கேட்ட அதே குரலாக இருந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

யாதிரா பாலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாலத்துல யாரும் அவ்வளவா பாக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டாள். "வேணாம். வேணாங்க. பேப்பர் விஷயத்துல யாரும் துணிஞ்சு ஒண்ணும் பண்ணக் கூடாது. எனக்குத் தெரியாதா அது? ஒரு தடவ போச்சுன்னா போனதுதான். உங்க வீடு அங்க இருக்கு. நீங்க பத்திரமாப் போங்க."

அவள் கத்தியிருக்கலாம். எங்கப்பனை வைத்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தாயே, அப்போது இந்த விதி எங்கே போனது என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் 'சரி வா, பாப்பா' என்கிற மூன்று சொல் என் வாயில் வரவில்லை. பயம் அப்படி. வெட்கம்கெட்ட பயம்.

யாதிரா குனிந்து மகளின் கையை என் கையிலிருந்து மெதுவாக விடுவித்தாள். "இன்னைக்கு முடியாது கண்ணு."

ரோமினா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஏன்? பாலத்த மூடிட்டாங்களா?"

"ஆமா. மூடிட்டாங்க."

"எப்ப தொறப்பாங்க?"

"தொறந்ததும் சொல்வாங்க. அழாத, டிரஸ் அழுக்காயிடும்."

குழந்தை அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். யாதிரா என்னைப் பாலத்துக்கு இரண்டு தெரு முன்னால்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அதற்கு மேல் போலீஸ் வண்டி நிற்கும், வர முடியாது என்றாள்.

மூடிய பாலத்தில் ஊரே நடந்துகொண்டிருந்தது. தடுப்புச் சக்கரத்தில் சில்லறையைப் போட்டுவிட்டு நானும் நடந்தேன். துணி மூட்டையோடு பெண்கள், பள்ளிப் பையோடு பிள்ளைகள், டயர் உருட்டிக்கொண்டு ஒருவர். மெக்சிகோப் பக்கம் இறங்கியதும் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். எவரும் நிறுத்தவில்லை. ஒரு சிப்பாய் கொட்டாவி விட்டார். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் விட்டது. நானே திரும்பிவந்து, குடியேற்ற அலுவலகம் என்று எழுதியிருந்த கதவைத் தேடித் தட்டினேன். ஓர் இளைஞன் வாயில் சாப்பாட்டோடு வந்தான்.

"இதுக்கா தட்டினீங்க?" கடிதத்தைப் பார்த்துவிட்டு முத்திரையைத் தேடினான். "பாலத்துல போறவங்க வர்றவங்க யாரும்மா இதப் பாக்குறா? நாள் பூரா போங்க, நாள் பூரா வாங்க. நீங்களா வந்து குத்திக்கிட்டாதான் கணக்கு. அது வரைக்கும் நீங்க வெளியதான் இருக்கீங்க."

டக்கென்று குத்தினான். மை காய வாயால் ஊதிவிட்டுக் கொடுத்தான்.

அந்த ஊதல் முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பாப்பாவை அழைத்துக்கொண்டு வந்திருக்கலாம். முத்திரை வாங்காமல் நேராகச் சதுக்கத்துக்குப் போயிருக்கலாம். தாத்தாவும் பேத்தியும் சாயந்தரம்வரை உட்கார்ந்து பேசியிருக்கலாம். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, இந்தக் கதவைத் தட்டி, இந்த முத்திரையை வாங்கியிருக்கலாம். என் அட்டைக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது. யாதிரா அதைத்தான் சொல்ல வந்தாள். விதியை விரல் நுனியில் வைத்திருக்கிறவள் என்று மார்தட்டிக்கொள்கிற நான், ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சுங்கத்தில் அந்த அதிகாரியிடமே, ஐயா ஒரு குழந்தையை அழைத்து வர வேண்டும், என்ன வழி என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தெரியாது. வாழ்நாள் முழுக்க ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவளுக்கு வெளியே நின்று கெஞ்சத் தெரியாது. இப்போது முத்திரை விழுந்துவிட்டது. இனிமேல் போனால்தான் நிஜமாகவே ரத்து.

சதுக்கத்தில் நாசாரியோ நிழலான பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார், சட்டை கசங்காமல் இருக்க. என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு என் இடுப்பு உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தார்.

"பின்னாடி வர்றாளா?"

வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்வது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சத்தியமாக.

"பாப்பாவுக்குக் காய்ச்சல், நாசாரியோ."

"காய்ச்சலா? காலைல போன்ல ஒண்ணும் சொல்லலையே."

"திடீர்னு வந்துருச்சாம். நான் கூட்டிட்டு வரேன்னுதான் சொன்னேன். யாதிராதான் வேணாம்னுட்டா."

பழியை அவள் மேலேயே போட்டேன். எப்படி வந்தது அந்த வாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இருமல் இருந்துச்சா?"

"இல்ல."

"உடம்பு சுட்டுச்சா? தொட்டுப் பாத்தீங்களா?"

"கையத் தொட்டேன்," என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

"கவுனு?"

"நல்லா இருந்துச்சு. கொஞ்சம் கட்டை."

"அப்பவே சொன்னேன் கிழவிகிட்ட." தலையை ஆட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏன் முகத்த இப்படி வச்சிருக்கீங்க? உங்க தப்பா இது? உக்காருங்க, முழங்காலு வலிக்கும். இருங்க, அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுர்றேன்."

கடையில் ஓடுகிற காற்று இயந்திரத்தால் அவருக்குக் காது மந்தம். எப்போதும் போனைச் சத்தமாக வைத்துக் கையில் ஏந்திக்கொண்டுதான் பேசுவார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வெளியே வந்துவிடும், வரட்டும் என்று நினைத்தேன். வந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். நான் சொல்ல மாட்டாததை அவள் சொல்லிவிடுவாள்.

"தாயி, பாப்பாவுக்கு எப்படி இருக்கு? காய்ச்சலாமே? தோன்யா மார்லீன் சொன்னாங்க."

 ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது.

"ஆமாப்பா," என்றாள் யாதிரா. "திடீர்னு வந்துருச்சு. மருந்து குடுத்துப் படுக்க வச்சிருக்கேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் துள்ளி வந்தது. "அம்மா, தாத்தாவா? பாலத்தத் தொறந்துட்டாங்களா?"

நாசாரியோ போனைக் காதுக்கருகே கொண்டுபோனார். "என்ன சொல்றா? பாலமா?"

"ஒண்ணுமில்லப்பா. காய்ச்சல்ல உளர்றா."

"ஐயோ, உளர்ற அளவுக்கு இருக்கா? நெத்தியில ஈரத்துணி போடு. பேசவிடாத, தூங்கட்டும். இன்னொரு தடவ பாத்துக்கலாம்னு சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். "அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ சொல்லாத, அவ பயந்துருவா."

"சரிப்பா. அவங்ககிட்ட குடுங்க."

போனை என்னிடம் நீட்டினார். வாங்க என் கை வரவில்லை. அவரே என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு நானே அவருகிட்ட சொல்லிர்றேன்," என்றாள் யாதிரா. எல்லாம் சத்தமாகவே கேட்டது, ஆனால் அவருக்கு அதில் வேறு அர்த்தம் எதுவும் கேட்டிருக்காது. "பஸ்ஸுல அப்பாவ முன் சீட்டுல உக்கார வைங்க. பின்னாடி உக்காந்தா அவருக்கு வாந்தி வரும்."

"சரி," என்றேன். வேறெதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நாசாரியோ போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேகமாக இமைகளைக் கொட்டிக்கொண்டு பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பையையும் தன் பையோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நல்லவேள, போனது நீங்களா இருந்தீங்க," என்றார். "வேற யாரா இருந்தாலும், கிழவன் காத்திருக்கானேன்னு காய்ச்சலோட புள்ளைய இழுத்துட்டு வந்திருப்பாங்க."